அளவெட்டிப் பெரியவீடு – குடும்பக் குழு

செல்வம் மாமா: துஷி, கனடாவில் டொக்டர்மாருக்கு ரெசிடென்சிப் பயிற்சி இடம் ஒதுக்கும் கார்ம்ஸ் முடிவு வந்துவிட்டதாமே. என்ன மாதிரி?

துஷி: இடம் கிடைக்கவில்லை மாமா.

மாலினி பெரியம்மா: கவலைப்படாதே பிள்ளை. அடுத்த வருஷம் பார்ப்போம், அம்மாளாச்சி இருக்கிறா.

துஷி: டொக்டராவதற்கு இங்கே எழுத வேண்டிய எம்சிசி, என்ஏசி பரீட்சைகள் எல்லாம் பாஸ் பெரியம்மா. ஆனால் கடைசியாக நோயாளி பார்த்த காலம் தள்ளிப் போகப் போக நேர்முகத்துக்கே கூப்பிடுகிறார்கள் இல்லை. மருத்துவத் தரவை அலசும் டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

செல்வம் மாமா: எம்பிபிஎஸ் படித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்துவிட்டு ரொறன்ரோவில் எக்செல் அடிக்கவா?

சுகந்தி: மாமா, நானும் டொக்டருக்குப் படித்தவள்தான். அந்த எக்செல்தான் எங்கள் வீட்டு மோட்கேஜைக் கட்டுகிறது 😄

செல்வம் மாமா: உன்னைச் சொல்லவில்லை பிள்ளை.

சுகந்தி: துஷி, ஒரு விஷயம் சொல்கிறேன். போன மாதம் ஒரு கோப்பு வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் 5, 6, 7 என்று போகிறது, நடுவில் சில 126, 140. கணினி படித்த பையன் அவற்றைப் பிழையான தரவு என்று அழிக்கப் பார்த்தான். சர்க்கரையை அளக்கும் அலகு கனடாவில் மில்லிமோல், ஊரில் நாங்கள் பார்த்தது மில்லிகிராம். 126ஐ 18ஆல் வகுத்தால் 7, நீரிழிவு என்று சொல்லத் தொடங்கும் எல்லை. அழித்திருந்தால் நோயாளிகளைத்தான் அழித்திருப்போம்.

துஷி: இதற்கு டொக்டர் வேண்டுமா மச்சாள்? யாராவது சொல்லிக் கொடுத்தால் போதாதா?

சுகந்தி: இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு பிரிவின் தரத்தைப் பார்க்க, 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்களை எண்ணச் சொல்வார்கள். கீமோவுக்குத் திட்டமிட்டு வருகிறவரையும் எண்ணினால், நல்ல புற்றுநோய்ப் பிரிவுதான் மோசமானதாகத் தெரியும். இப்படி எத்தனை என்று சொல்லிக் கொடுப்பது? வார்டில் நின்றவருக்குத் தானாகவே உறுத்தும்.

கண்ணன்: அக்கா, எல்லாரும் பைதான், ஏஐ என்று ஓடுவார்கள், நீங்கள் முதலில் தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் எஸ்கியூஎல் படியுங்கள். அப்புறம் வரைபடம், அறிக்கை போடப் பவர் பிஐ. ஆராய்ச்சிப் பக்கம் போவதென்றால் புள்ளிவிபரக் கணக்குக்கான ஆர் அல்லது சாஸ்.

துஷி: அனுபவம் கேட்பார்களே தம்பி, எதைக் காட்டுவது?

கண்ணன்: மிமிக் என்று பொஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஐசியூ தரவு இருக்கிறது. பெயர், அடையாளம் நீக்கியது. மிமிக்-3 என்ற பதிப்பில் மட்டும் 40,000க்கு மேற்பட்ட நோயாளிகள். ஒரு சிறிய ஒன்லைன் பயிற்சி முடித்து விண்ணப்பித்தால் இலவசம். அதில் ஒரு கேள்வியை எடுத்து முழுக்கச் செய்து காட்டுங்கள். வேலை செய்த இடத்துத் தரவை மட்டும் வெளியில் எடுத்துவிடாதீர்கள், ஒன்ராறியோவில் 2004இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

சுகந்தி: நான் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டில் படித்த டொக்டர்மாருக்கான பிரிட்ஜிங் கோர்ஸ் செய்தேன். பாடத்தைவிட, இங்கே ரெஸ்யூமே எழுதும் விதம்தான் உதவியது. உன் ரெஸ்யூமேயில் சத்திரசிகிச்சைப் பட்டியலைக் குறை. கிளினிக் பதிவேட்டை வைத்து மாத அறிக்கை போட்டாயே, அதை மேலே கொண்டு வா. "இவர் டொக்டராகப் போய்விடுவார்" என்று பயந்தே சிலர் எடுக்கமாட்டார்கள். கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

மாலினி பெரியம்மா: அப்போ டொக்டர் வேலை முடிந்ததா?

சுகந்தி: கதவை யாரும் பூட்டவில்லை பெரியம்மா, அடுத்த சுற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ரெசிடென்சி முடிந்த பிறகும் ஒன்ராறியோவில் 5 வருஷச் சேவை ஒப்பந்தம் இருக்கிறது. எனக்குக் கேட்டால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம். டொக்டர் சம்பளமும் இதில் வராது, அதையும் கணக்கில் எடு.

செல்வம் மாமா: சரி, கலியாண வீட்டில் கேட்டால் நான் என்ன சொல்ல?

துஷி: மருத்துவமனையில் வேலை என்று சொல்லுங்கோ மாமா. பொய் இல்லைத்தானே.

கண்ணன்: அக்கா, ஞாயிறு பின்னேரம் லப்டொப்போடு வாருங்கள். எஸ்கியூஎல் போட்டுத் தருகிறேன்.

மாலினி பெரியம்மா: மத்தியானமே வா, சாப்பிட்டுவிட்டு இருக்கலாம்.