முழங்கால் சில்லு வலி: கரண்ட் வைப்பதைத் தொடரலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
எனக்கு வயது 36. மூன்று மாதங்களாக வலது முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது. மாடிப்படி இறங்கும்போதும், வாசலில் குந்திக் கோலம் போட்டுவிட்டு எழும்போதும், புதுச்சேரி பேருந்தில் காலை மடக்கியே உட்கார்ந்திருக்கும்போதும் அதிகமாகிறது. அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் கூறினார். இயன்முறை மையம் ஒன்றில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். வைத்த அன்று இதமாக இருக்கிறது, மறுநாள் பழையபடிதான். இன்னும் பத்து நாள் தொடர வேண்டுமா?

பதில் 1 (இயன்முறை மருத்துவர், புதுச்சேரி):
வேண்டாம், அம்மா. இவ்வகை வலிக்கு அமெரிக்க இயன்முறையாளர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறை, மின்தூண்டல் (நீங்கள் சொல்லும் கரண்ட்), அல்ட்ராசவுண்ட், லேசர் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது; அது முதன்மையாகப் பரிந்துரைப்பது தொடைத்தசைக்கும் இடுப்புத்தசைக்கும் சேர்த்துத் தரப்படும் பயிற்சியை.

வலி முழங்காலில் இருக்க இடுப்புக்கு ஏன் பயிற்சி என்று பலரும் கேட்பார்கள். கண்ணாடி முன் நின்று ஒரு படி மெதுவாக இறங்கிப் பாருங்கள்: இடுப்பின் பக்கத்தசை தளர்ந்திருந்தால் தொடை உள்நோக்கித் திரும்பி, முட்டி கட்டைவிரல் பக்கமாகச் சாயும்; அப்போது சில்லின் ஒரு விளிம்பே கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும். எனவே முதலில் ஒருக்களித்துப் படுத்து, மேல்காலைச் சற்றே பின்னோக்கி, விரல்கள் கூரையைப் பாராதபடி உயர்த்துங்கள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டி 45 பாகைக்கு மேல் மடங்காமல் இறங்கி எழுங்கள். பத்துக்கு மூன்று அளவு வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பதில் 2 (தேவனாம்பட்டினம்):
எனக்குச் சில்லை உள்பக்கம் இழுத்துப் பட்டை ஒட்டினார்கள். ஒட்டிய நிமிடமே படி இறங்க முடிந்தது. குணமாகிவிட்டது என்று பயிற்சியை விட்டேன், வெள்ளிக் கடற்கரை மணலில் ஓடவும் செய்தேன். இரண்டே வாரத்தில் வலி திரும்பியது.

பதில் 3 (பதில் 1 எழுதியவர்):
பட்டை ஒட்டுவது ஆஸ்திரேலிய இயன்முறையாளர் ஜென்னி மெக்கானல் 1980களில் பரப்பிய முறை. முதல் நான்கு வாரங்களுக்குப் பயிற்சியோடு சேர்த்துப் பயன்படும், தனியாக அன்று. முட்டி பூட்டிக்கொண்டாலோ, வீங்கினாலோ, திடீரென மடிந்து விட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. கோலத்தை நிறுத்திவிட வேண்டுமா?

பதில் 1 எழுதியவர்:
நிறுத்த வேண்டியதில்லை. குந்தாமல் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து சிறிய கோலமாகப் போடுங்கள்; பெரிய புள்ளிக்கோலம் மார்கழி வரை காத்திருக்கட்டும்.