'பங்கு': இந்தச் சொல்லை நம்ம வடசென்னைப் பக்கம் எங்கெல்லாம் கேட்டிருக்கீங்க?

காசிமேட்டுக்காரர்:
பகுதி, பகிர்வு, பாதி, பங்கு எல்லாமே 'பகு'ங்கற ஒரே வேர்ல கிளைச்சது. குறள்ல வர்ற 'பாத்தூண்' கூட இந்தக் குடும்பம்தான், பகுத்து உண்பது. நான் இந்தச் சொல்லைப் படிச்சது கடற்கரையில. எங்க அப்பா ஃபைபர் போட்டுல தொழிலுக்குப் போனவர். மீன் வித்த காசுல முதல்ல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பாங்க. மிச்சத்துல போட்டுக்கு, இன்ஜினுக்கு, வலைக்குன்னு பங்கு போகும். கடலுக்குப் போன ஆளுக்கு ஆள் ஒரு பங்கு. கூலின்னு யார் வாயிலயும் வராது. மீன்பாடு இல்லன்னா அன்னிக்கு ஓனர் கையும் காலிதான்.

ஒரு தடவை அப்பா காய்ச்சல்ல படுத்துட்டாரு. சாயந்திரம் கூடத் தொழில் பண்ற அண்ணன் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னாரு. மடிச்ச ரூபா நோட்டு, ஒரு கவர்ல சங்கரா மீன். "எதுக்குப்பா இதெல்லாம்"னு அம்மா கையைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க. "அண்ணன் பங்கு, அண்ணி"ன்னாரு. அவ்வளவுதான், அம்மா வாங்கிட்டாங்க. உதவின்னு சொல்லியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க. பங்குன்னா நமக்குச் சேர வேண்டியது. வாங்கறதுல கூச்சமே கிடையாது. அவர் தெருமுனை திரும்பறதுக்குள்ள அம்மா அரிவாமணையைப் போட்டு செதில் சீவ ஆரம்பிச்சுட்டாங்க.

ராயபுரத்திலிருந்து:
எங்களுக்குப் பங்குன்னா கோயில், அதைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் சேர்த்து. 1829ல படகுக்காரங்க எழுப்பின புனித ராயப்பர் ஆலயம் இங்க இருக்கு. ராயப்பரும், அதாவது பேதுருவும், மீனவர்தான். பங்குத்தந்தை, பங்கு மக்கள்னு பேசியே வளர்ந்தோம். எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்போ மாப்பிள்ளையோட அம்மா காபியைக் கையில வாங்கின உடனே கேட்டது, "நீங்க எந்தப் பங்கு?" அக்கா பேரைக்கூட அதுக்கப்புறம்தான் கேட்டாங்க. கல்யாணத்தை அறிவிக்கிற ஓலையை ரெண்டு பங்குலயும் மூணு தடவை பூசையில வாசிச்சாங்க. தடை ஏதாவது இருந்தா ஊரே சொல்லலாம்ல.

மண்ணடியிலிருந்து:
பக்ரீத்துக்கு எங்க தெருவுல இதே சொல்தான். ஆடுன்னா ஒருத்தர் பேர்ல, மாடுன்னா ஏழு பங்கு வரைக்கும் சேரலாம். பெருநாளுக்கு முன்னாடியே "பங்கு இருக்கா பாய்?"னு விசாரிப்பு ஆரம்பிச்சுடும். எங்க அத்தா (அப்பா) கறியைக் கண் மதிப்புல பிரிக்க விடவே மாட்டார். தராசுல நிறுத்து, ஒரு கூறுல எலும்பு கூடிட்டா அதை எடுத்து அடுத்ததுல மாத்துவார். அப்புறம் அவரவர் பங்கை மூணாக்கி வீட்டுக்கு, சொந்தக்காரங்களுக்கு, இல்லாதவங்களுக்குன்னு கொடுப்போம். இல்லாதவங்களுக்குப் போற பைல நல்ல துண்டு இருக்கான்னு அத்தா கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் முடிச்சுப் போடுவார். அந்தப் பழக்கத்தை நானும் விடல.

வியாசர்பாடி:
கிரவுண்டுல ஃபுட்பால் ஆடும்போது பேரே தெரியாதவனையும் "பங்கு, இங்க போடு!"ன்னு தான் கூப்பிடுவோம். பங்காளியோட சுருக்கம். அப்பன் சொத்துல உரிமை உள்ளவன்தான் பங்காளி. சொத்தே இல்லாத எங்க தெருவுல அந்த உறவை எல்லாருக்கும் கொடுத்துட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இது.

காசிமேட்டு அண்ணா, ஒரு சந்தேகம். வலைக்கு எதுக்குத் தனிப் பங்கு?

காசிமேட்டுக்காரர்:
தம்பி, கடல்ல வலை கிழிஞ்சாலோ, அறுத்துக்கிட்டுப் போனாலோ வலைக்காரர் தலையிலதான் விடியும். புது வலை போடணும்னா அவர்கிட்ட காசு இருக்கணும்ல, அதுக்குத்தான்.