மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பாஸ்டர் ஐயாவை அறிந்தவர்கள் எழுதுங்கள்

பால்மரத்துப் பேரன்:
ஐயாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு காட்சி மனத்தைவிட்டு அகலவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர் என்பதால் அடக்க ஆராதனையில் சொல்வதற்கு நிறையவே இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தகப்பனார் திரும்பி வராததையும், சிறுவனாகவே தாயோடு ரப்பர் மர நிரைக்குப் போய்ப் பால் வடியும் மங்கு துடைத்ததையும், 1954இல் பினாங்கில் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டபோது அங்கே முழுநேரம் படிக்க வீட்டு நிலைமை இடங்கொடாததையும், காலையில் பால்வெட்டி மாலையில் சைக்கிளில் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பிரசங்கித்ததையும் பேசினார்கள். அவருடைய நீளப் புத்தகத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இங்குள்ள பலருக்கு அந்தப் புத்தகம் தெரிந்திருக்கும். கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைக் கம்பிவேலிக்குள் ஒன்றாகச் சேர்த்தபோது எழுதத் தொடங்கியது. சபைக் குடும்பமானாலும் மாரியம்மன் கோயில் பூசாரி குடும்பமானாலும், பிள்ளை பிறந்த நாள், நேரம், லயத்து எண், பெற்றோர் பெயர், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதிவிடுவார்.

என் அக்கா பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போனபோதுதான் அவருடைய பிறப்பு பதியப்படவே இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று 1968இல் சட்டம் வந்து, பக்கத்து லயத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜுலா கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா கலங்கிப் போனார். ஐயா எங்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். முகப்பில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது தேவாலயப் புத்தகம், இவர்களோ இந்துக்கள், இதை எப்படி ஏற்பது?" என்று மலாயில் கேட்டு மூடப் போனார். ஐயா அக்காவின் பெயர் இருந்த வரியில் ஆட்காட்டி விரலை வைத்தார். அன்று காலையும் பால்வெட்டிவிட்டு வந்தவராதலால் நகக்கண்ணில் பால் காய்ந்து கறுத்திருந்தது. "சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறேன், மருத்துவச்சியையும் அழைத்து வருகிறேன், இந்த வரியை மட்டும் படித்துப் பாருங்கள்" என்று குரலை உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். மேலதிகாரி எழுந்து வரும்வரை அந்த விரலை எடுக்கவில்லை. அக்கா இன்று கூலிமில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அடக்கத்தன்று யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆற்றங்கரை மகள்:
எனக்கு நினைவில் நிற்பது என் முழுக்கு ஞானஸ்நானம். எங்கள் வீட்டிலிருந்து நான் ஒருத்திதான் சபையில் சேர்ந்தேன். நான் எத்தனை முறை கேட்டும் ஐயா நெடுங்காலம் இசையவில்லை. "தகப்பனாரிடம் முதலில் சொல்லம்மா, அவருக்கு ஒளித்து வந்து முழுக வேண்டாம்" என்பார். ஒரு வழியாக அப்பா வந்து, கையைக் கட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கி நின்றார். கித்தா (ரப்பர்) ஆலைக் கழிவு கலந்த நாற்றத்தோடு ஆறு ஓடிய காலம் அது. இடுப்பளவு நீரில் என் கையைப் பிடித்தபடி நின்ற ஐயா, பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும் அப்பாவைப் பார்த்து, "அண்ணே, உங்கள் மகளுக்குக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "மேல மழை பேஞ்சிருக்கு பாஸ்டர், இழுவை அதிகமா இருக்கு, கொஞ்சம் மேட்டுப் பக்கமா நில்லுங்க" என்றார். ஐயா உடனே மேட்டுப் பக்கம் நகர்ந்து நின்றார். அப்பா கடைசிவரை தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர். ஆனால் ஐயாவைப் பற்றி யாரும் குறைவாகப் பேசப் பொறுக்கமாட்டார்.

லூத்தரன் வீட்டுப் பிள்ளை:
எல்லாரும் புகழ்ந்து எழுதும் இடத்தில் இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. என் கடைசித் தம்பிக்குப் பிறந்த சில வாரங்களில் சன்னி கண்டது. எங்கள் சபை ஐயர் (போதகர்) இருந்தது பட்டணத்தில். நள்ளிரவில் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்கு ஓடி, ஒரு கை தண்ணீர் தெளித்துப் பெயரிடும்படி கெஞ்சினார். அவர் ஜெபித்தார், அழுதார், தண்ணீரை மட்டும் தொடவில்லை. எங்கள் ஐயரை அழைத்து வருவதாகச் சொல்லி அந்த இருட்டிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இருவரும் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது, தம்பி போய்விட்டான். ஆற்றங்கரை மகள் சொல்லும் அதே பொறுமை எங்களுக்கு வேறு முகத்தைக் காட்டியது. இருட்டில் அவ்வளவு தூரம் மிதிக்க மனம் வந்தவருக்கு, தாயின் ஆறுதலுக்காக ஒரு கை தண்ணீர் அள்ள ஏன் மனம் வரவில்லை என்பதை அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய தீம்பார்:
லூத்தரன் வீட்டுத் தம்பிக்கு: உங்கள் தாயாரின் துக்கத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அவர் இரக்கமில்லாமல் மறுத்தார் என்று படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. பாப்டிஸ்ட் சபையாருக்கு ஞானஸ்நானம் என்பது, விசுவாசித்தவர் தம் வாயால் கேட்டுப் பெறுவது. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அதைக் கொடுப்பதில்லை. கொடுக்காததால் அந்தப் பிள்ளை ஆண்டவருக்குத் தூரமாகிவிடும் என்றும் அவர்கள் நினைப்பதில்லை. பிள்ளையைக் கையில் ஏந்திப் பிரதிஷ்டை ஜெபம் செய்வதோடு சரி. இதே கொள்கைக்காக ஐரோப்பாவில் சிறைப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. உங்கள் தாயாரின் ஆறுதலுக்காக அவர் தண்ணீர் தெளித்திருந்தால், தாமே நம்பாத ஒன்றைச் சாவின் விளிம்பில் இருந்த பிள்ளைக்குச் செய்ததாக ஆகியிருக்கும். உங்கள் சபையின் சடங்கையும் அது மதித்ததாகாது. ஆகவேதான் அதை முறைப்படி செய்யக்கூடியவரைத் தேடிப் போனார். அவருடைய சொந்த மகன் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனான். சவப்பெட்டிக்கு ஆணி அடித்தவன் நான். அவனுக்கும் அவர் தண்ணீர் தெளிக்கவில்லை. கடைசி ஆணியை என் கையிலிருந்து வாங்கித் தாமே அடித்தார்.

லூத்தரன் வீட்டுப் பிள்ளை:
அவருடைய மகனைப் பற்றி இன்றுதான் அறிகிறேன், அண்ணே. கொள்கையை எனக்கு விளக்க வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும். தம் மகன் கதையை அவர் அம்மாவிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே கடைத்தெருவில் நாற்பது வருடம் எதிரெதிரே நடந்தவர்கள்.

ஏடு காப்பவள்:
ஐயாவை நான் சந்தித்தது மிகவும் பிந்திய காலத்தில். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, அவர் மகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். யாரோ தொலைபேசியில் தம் பிறந்த நாளைக் கேட்க, பூதக்கண்ணாடியை வரிவரியாக நகர்த்திப் பார்த்து, வருடத்தைச் சொல்லிவிட்டு, "அன்று உன் தாய் மிகவும் கஷ்டப்பட்டாள், தெரியுமா?" என்றும் சொன்னார்.

நூலகத்தில் பழைய ஏடுகளைப் பராமரித்தவள் என்ற உரிமையில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அதை யாரும் லாமினேட் செய்யாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் அரித்துவிடும். நம் நாட்டு ஈரத்தில் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கத்தையும் விடாமல், பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். பக்க எண் இட வேண்டுமானால் பென்சிலால் இடுங்கள். படங்களைப் பேஸ்புக்கில் போட வேண்டாம்; அவை பிறருடைய பிறப்பு விவரங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம், அந்தப் புத்தகத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. 1957 மெர்டேக்கா (சுதந்திர) நாளிலிருந்து 1962 அக்டோபருக்கு முன்புவரை மலாயாவில் பிறந்தவர்கள் பிறந்த மண்ணாலேயே குடிமக்கள். பெற்றோரின் குடியுரிமை அவர்களுக்குக் கேள்வியே இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரின் நிலையையும் காட்ட வேண்டியதாயிற்று. ஆகவே பிறந்த தேதி சில மாதம் முன்பின்னாக இருந்தாலும் ஒருவருடைய அடையாளக் கார்டின் நிறம் (குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு) மாறக்கூடும். ஐயாவின் வரி ஒன்றே தாமதப் பதிவுக்குப் போதும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தோட்ட மருத்துவமனைத் துண்டு, உடன்பிறந்தவர்களின் பத்திரங்கள், அன்று லயத்தில் இருந்த மூத்தவர்களின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள். அன்றே, ஒரே கையெழுத்தில், வரிசையாக எழுதப்பட்ட ஏட்டுக்கு ஒரு கனம் உண்டு. மூத்தவர்கள் இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் வாங்கிவிடுங்கள்.

பால்மரத்துப் பேரன்:
நன்றி அம்மா. புத்தகம் ஐயாவின் மூத்த மகளிடம் சுங்கைப்பட்டாணியில் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்ற அதே பிளாஸ்டிக் பையில்தான் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. இப்போதே அவரிடம் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை நானும் அக்காவும் போய்ப் படமெடுக்கிறோம்.

இரண்டாம் லயம்:
சனிக்கிழமை போகிறவர்கள் தயவுசெய்து 1962ஆம் வருடப் பக்கங்களைப் பாருங்கள். என் தம்பி இன்னும் சிவப்புக் கார்டோடுதான் இருக்கிறான். மழைக்காலம் தொடங்கும் முன் பிறந்தான் என்று அம்மா சொல்வார், தேதி அவருக்கு நினைவில்லை. இரண்டாம் லயம், கிணற்றடியிலிருந்து மூன்றாவது வீடு. பெயர் வைக்கும் முன்பே ஐயா வந்து எழுதிக்கொண்டு போனாராம். ஆகவே "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கலாம். அப்பா பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.