பேட்டரி சைக்கிளில் போடிமெட்டு இறக்கம்: பிரேக் மாற்றிய அனுபவங்கள்

போடியிலிருந்து:

பேட்டரி சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், மேட்டில் இழுக்குமா" என்றுதான். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற நம் ஆட்களும் இதையே கேட்கிறார்கள். இழுக்கும். 250 வாட் மோட்டாரும் கொஞ்சம் மிதியும் இருந்தால் முந்தலிலிருந்து போடிமெட்டு வரை நிதானமாக ஏறிவிடலாம். ஆனால் ஏறின பிறகு எதை நம்பி இறங்கப் போகிறீர்கள் என்பதைத்தான் கடைக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

முந்தல் செக்போஸ்ட்டிலிருந்து மெட்டு வரை சுமார் 20 கி.மீ. மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவு. உயரம் ஏறக்குறைய 900 மீட்டர் மாறுகிறது. காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. எந்தக் கியரில் போட்டாலும் இறக்கத்தில் சக்கரம் தன்பாட்டில் உருளும். மோட்டாரும் கைகொடுக்காது. மலைக்கு ஏற்ற மாடல்களில் மோட்டார் பெடல் நடுவில் இருந்தாலும் சரி, பின்சக்கர ஹப்பில் உள்ளே கியரோடு இருந்தாலும் சரி, இறங்கும்போது அது கழன்றுகொள்ளும். கியர் இல்லாத பெரிய ஹப் மோட்டார் சிலவற்றில்தான் இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். மற்றபடி முழுப் பாரமும் இரண்டு மெல்லிய டிஸ்க் தட்டின் மேல்தான்.

கணக்கே போட்டுப் பார்த்தேன். ஆள் 75 கிலோ, வண்டி 25 கிலோ, பை 5 கிலோ, மொத்தம் 105 கிலோ. இதை 900 மீட்டர் இறக்கினால் ஒன்பது லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. இரண்டே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவுச் சாலையில் மெதுவாக இறங்கும்போது பெரும்பகுதி பிரேக்கில்தான் போய்ச் சேரும். ஒரு சின்ன டிஸ்க் தட்டின் எடையோ நூறு கிராம் சொச்சம்.

என் வண்டியில் முதலில் இருந்தது கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 160 மி.மீ. தட்டு. டிஸ்க் பிரேக் இருக்கிறது, பயமே இல்லை என்று கடையில் சொல்லிக் கொடுத்த வண்டி. ஊருக்குள் ஓட்டும்வரை அந்தப் பேச்சில் குறை இல்லை. பூப்பாறையிலிருந்து மழையில் நனைந்து வந்த ஒரு சாயங்காலம், மெட்டு தாண்டிப் பாதி இறக்கத்துக்குள் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொட ஆரம்பித்தது. கருகிய வாடை. இழுக்க இழுக்கப் பிடிப்பு குறைந்துகொண்டே வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் மலைப்பக்கத்து ஓடையோரம் வண்டியை ஒதுக்கி, காலையும் ஊன்றித்தான் நிறுத்தினேன். கீழேயிருந்து ஏறி வந்த ஒரு ஜீப்பில் பெண்கள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பிரேக் போச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். உட்கார்ந்து ஆற வைத்து, அப்புறம் செங்குத்தான இடங்களில் தள்ளிக்கொண்டே கீழே வந்தேன்.

வீட்டில் கழற்றிப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. தட்டை இரு பக்கமும் கவ்வுகிற பேட்டின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருந்தது. சூடு தாங்காத, பிசின் கலந்து செய்த ரெசின் பேட். அடுத்தது, பேட்டைத் தாங்கி நிற்கிற இந்த மலிவு கேலிப்பரில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும், அது தட்டை வளைத்து மறுபக்கப் பேட்டின் மேல் அழுத்தும். மழைச் சேற்றில் பேட் தேயத் தேய அந்த இடைவெளியைக் கையால் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில், பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன் தேய்மானத்துக்கு ஏற்றபடி தானே முன்னால் வந்து நிற்கும். இறக்கத்தின் நடுவில் திருகு தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இது ஒன்றே ஹைட்ராலிக்குக்குப் போதுமான காரணம்.

நான் மாற்றியது ஷிமானோ டியோர் எம்6120 ஹைட்ராலிக், நாலு பிஸ்டன். முன்னால் 203 மி.மீ. தட்டு, பின்னால் 180. பின்பக்கம் என் பிரேமில் அதற்கு மேல் இடம் இல்லை. தட்டு பெரிதாவதன் லாபம் எளிய கணக்கு. அதே அழுத்தத்துக்கு 160-லிருந்து 180 போனால் பிடிப்பு 12.5 சதவீதம் கூடும், 203 போனால் கிட்டத்தட்ட 27 சதவீதம். சூட்டை ஆற்றிக்கொள்ளப் பரப்பும் கூடுகிறது. எங்கள் இறக்கத்துக்குச் சூடு ஆறுவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கையில் பணம் குறைவு என்றால் நாலு பிஸ்டனுக்குப் போகும் முன் தட்டைப் பெரிதாக்குங்கள்.

மோட்டார் கட் ஆகும் ஒயர் விஷயத்தைக் கடைகளில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய லிவரில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்கும். சாதாரண ஹைட்ராலிக் லிவரில் அது இல்லை. மிதிக்கும் வேகத்தை மட்டும் பார்த்து ஓடுகிற மோட்டார், மிதிப்பதை நிறுத்தின பிறகும் ஒரு நொடி தள்ளிவிட்டுத்தான் ஓயும். கொண்டை ஊசிக்குள் நுழையும்போது அந்த ஒரு நொடி ஆபத்து. காந்தம் வைத்து லிவரில் ஒட்டுகிற சென்சார் கிடைக்கிறது, அதைப் பொருத்தினேன். டெக்ட்ரோ மாதிரிக் கம்பெனிகள் சென்சாரோடு வரும் ஹைட்ராலிக் லிவரும் போடுகின்றன. மிதிக்கும் அழுத்தத்தை அளக்கிற சென்சார் உள்ள நடு மோட்டார் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போது பேட் முன்னால் உலோகத் தூளை இறுக்கிச் செய்த மெட்டல், பின்னால் ரெசின். மெட்டல் சூட்டைத் தாங்கும், மழைச் சேற்றில் சீக்கிரம் கரையாது. சத்தம் போடும், போடட்டும். இறங்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். லிவரை லேசாகப் பிடித்துக்கொண்டே நீளமாக இறங்காமல், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுகிறேன். விட்ட நேரத்தில் தட்டுக்குக் காற்று படுகிறது. நடுவில் ஓர் இடத்தில் நின்று ஆற வைப்பதும் உண்டு. சூடாக இருக்கும் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வளைந்துபோகும். விரலால் தொட்டும் பார்க்காதீர்கள்.

சூரியநெல்லியிலிருந்து:

அண்ணே, மெட்டல் பேட் விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். நீங்கள் மெட்டு ரோட்டில் ஓட்டுகிறீர்கள். எங்களுக்கு ஆனையிறங்கல் பக்கம் யானை. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக் கொண்டுபோன பிறகும் இங்கே யானை நடமாட்டம் நிற்கவில்லை.

நான் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். காலையில் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்கு இந்த சைக்கிளில்தான் போவேன். டீசல் செலவு இல்லை, தேயிலை நடுவே ஜீப் போகாத பாதையிலும் போகும். ஒரு நாள் பனிமூட்டம் விலகாத நேரம், இறக்கத்தில் திரும்பினால் ரோட்டின் குறுக்கே மூன்று யானை, ஒன்று குட்டி. மோட்டார் சத்தமே இல்லாததால் அவற்றுக்கு நான் வருவது தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்தேன். ஈரத்தில் மெட்டல் பேட் வீல் என்று கத்தியது. தாய் யானை சட்டென்று திரும்பிக் காதை விரித்து இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டது. வண்டியைக் கீழே போடாமல், திருப்பவும் அவசரப்படாமல், அப்படியே பின்னால் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் குட்டியைத் தள்ளிக்கொண்டு அவை காட்டுக்குள் இறங்கின. லயத்து வீட்டுக்கு வந்து சேரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அதற்கப்புறம் முன்னாலும் ரெசின்தான். சீக்கிரம் தேய்கிறது, அடிக்கடி மாற்றுகிறேன், பரவாயில்லை. எங்கள் இறக்கமெல்லாம் துண்டு துண்டானவை. உங்களைப் போல நீளமாகச் சூடேறாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வேண்டியது முரட்டுப் பிடி இல்லை, அளந்து பிடிக்கிற பிடி. ஈரத் தேயிலைச் சருகில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் விழுந்துதான் நிற்பான். இரண்டு பிஸ்டனில், ஒரு விரலில் பிடிப்பது எனக்குப் போதுகிறது. கண் மறைகிற வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மணி அடிக்கிறேன். சாயங்காலம் இருட்டினால் சைக்கிளை எடுப்பதே இல்லை.

கம்பத்திலிருந்து:

ஹைட்ராலிக் போட்டவர்கள் ஆயிலில் கவனமாக இருங்கள். கம்பம்மெட்டு ஏறி இறங்குகிறவன் நான். லிவர் கொஞ்சம் மெத்தென்று ஆனதும் பக்கத்தில் ஒரு பைக் மெக்கானிக்கிடம் விட்டேன். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் பைக்குக்கு ஊற்றுகிற டாட் ஆயிலையே இதற்கும் ஊற்றிவிட்டார். முதலில் அருமையாகப் பிடித்தது. சில நாளில் லிவர் திரும்பி வர மறுத்தது. பேட் தட்டை விடாமல் உரசிக்கொண்டே ஓடியதில் மேட்டில் பேட்டரி வேறு சீக்கிரம் இறங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் இருந்தது. லிவர், கேலிப்பர் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். டாட் ஆயிலில் ஓடுகிற சைக்கிள் பிரேக்குகளும் உண்டு, அவற்றில் மினரல் ஊற்றினாலும் இதே கதிதான். லிவரின் மூடியிலேயே எது என்று எழுதியிருக்கும். மெக்கானிக்கிடம் விடுவதாக இருந்தால் ஆயில் பாட்டிலை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். அப்புறம், பஞ்சர் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றும்போது பேட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் சொருகி வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, எங்க பக்கம் புளியரை எஸ் வளைவு. உங்கள் மெட்டு அளவுக்கு நீளம் இல்லை. ஆனால் கேரளாவுக்குப் போகிற ஜல்லி, எம்-சாண்ட் லாரி ஓயாது. வளைவில் சிந்திக் கிடக்கும் மணல்தான் எங்களுக்கு எமன். ஆரியங்காவு பக்கமிருந்து இறங்கி வரும்போது, பின்னால் லாரி நெருக்கும், முன்னால் மணல். அங்கே முன் பிரேக்கைத் தொடாமல், அதற்கு முந்தின நேர் ரோட்டிலேயே வேகத்தை முடித்துவிட்டு வருவேன்.

நான் ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக் போட்டிருக்கிறேன். மலிவு, நம்பிக்கையானது. பேட் தேய்ந்தபோது மெட்டல்தான் ரொம்ப நாள் வரும் என்று ஒரு கடையில் மாட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தட்டிலோ ரெசின் பேட் மட்டும் என்று பொறித்தே இருக்கிறது. மெட்டல் போட்டதில் தட்டு வரி வரியாக அரித்துப் போச்சு. எனக்கு இப்போது இரண்டு சந்தேகம். முன்சக்கரத்தைப் பிடிக்கிற எந்த ஃபோர்க்கிலும் 203 தட்டைப் போடலாமா? பெட்டியாக வாங்கினால் பின் பிரேக்குக்குப் போகிற நீளமான ஆயில் ஹோஸ் வலது லிவரில் வருகிறது, நமக்கு வலதுதானே முன் பிரேக்?

போடியிலிருந்து:

தம்பி, தட்டு விஷயம் நல்ல வேளையாகக் கேட்டீர்கள். எந்த ஃபோர்க்கிலும் போட முடியாது. ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் அதிகபட்சம் எத்தனை மி.மீ. என்று கம்பெனியே சொல்லியிருக்கும். அதைத் தாண்டினால் ஃபோர்க் காலில் கேலிப்பர் உட்காரும் இடத்துக்குத் தாங்காத சுமை ஏறும். 180 என்று இருந்தால் 180-ஓடு நிறுத்துங்கள். அளவு கூடும்போது கேலிப்பரைத் தள்ளி உட்கார வைக்க அதற்கேற்ற அடாப்டரும் வாங்க வேண்டும். தட்டு ஹப்பில் ஆறு போல்ட்டில் மாட்டுவதா, நடுவில் ஒரே வளையத்தில் பூட்டும் சென்டர் லாக்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹப் மோட்டார் வண்டிகளில் பின்னால் பெரும்பாலும் ஆறு போல்ட்தான்.

தேய்மானம் பார்க்க, ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மி.மீ. கனம். 1.5 வந்தால் மாற்றிவிட வேண்டும். வரி விழுந்த உங்கள் தட்டை உடனே அளந்து பாருங்கள். பேட்டில் உரசும் பொருள் அரை மி.மீட்டருக்கு வந்துவிட்டால் அதுவும் முடிந்தது. புதிதாக வாங்குவதானால் ஷிமானோ ஆர்டி66 மாதிரி இரண்டு வகைப் பேட்டையும் தாங்குகிற தட்டாக வாங்குங்கள்.

ஹோஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. வெளிநாட்டு வழக்கத்துக்குக் கட்டிய பெட்டியில் வலது லிவர் பின் பிரேக்குக்கு. நம் ஊரில் பைக்கிலும் சைக்கிளிலும் வலது கை முன் பிரேக் என்று பழகிவிட்டதால், மலையில் கை மாறிப் பிடித்தால் விபரீதம். இரண்டு ஹோஸையும் லிவரில் கழற்றி இடம் மாற்றச் சொல்லுங்கள். நுனியில் கசிவு அடைக்கும் ஆலிவ், இன்சர்ட் என்ற சின்ன உலோகத் துண்டுகளைப் புதிதாகப் போட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி மினரல் ஆயில் நிரப்ப வேண்டும். சைக்கிள் பிரேக் தெரிந்த ஆளிடம் சின்ன வேலை இது.

புதுப் பேட் போட்டதும் நேராக எஸ் வளைவுக்குப் போய்விடாதீர்கள். சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல், முழுக்க நிற்காமல், நடைவேகத்துக்குக் குறைத்து விடுங்கள். இருபது முப்பது தடவை இப்படிச் செய்தால் பேட் தட்டில் படிந்து பிடிப்பு வரும். செயினுக்கு ஆயில் ஸ்பிரே அடிக்கும்போது தட்டைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சூரியநெல்லித் தம்பி சொன்ன கத்தலுக்கு ஈரம் ஒரு காரணம் என்றால், தட்டில் படிந்த எண்ணெய் இன்னொரு காரணம். தட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போகும். பேட் எண்ணெயைக் குடித்திருந்தால் புதுசுதான் வாங்க வேண்டும்.