பழைய பொருள் வாங்க, விற்க: விலையை எப்படிக் கேட்பது?

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் பல நாடுகளில் இருக்கிறது. அது போக, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கம்ட்ரீ, கனடாவில் கிஜிஜி, ஜெர்மனியில் க்ளைன்அன்சைகன், சிங்கப்பூரில் கேரோசல் என்று பழைய பொருள் வாங்க, விற்க அந்தந்த நாட்டில் ஒரு தளம் உண்டு. நல்ல கட்டில், மேசையெல்லாம் மலிவாகவே கிடைக்கும். ஆனால் விலை கேட்கிற விதத்தால்தான் பலருக்குக் கைக்கு வந்த பொருள் நழுவிப் போகிறது.

முதல் செய்தியே "கடைசி விலை என்ன?" என்று அனுப்பாதீர்கள். நேரில் கேட்டால் சிரித்த முகமும் குரலும் கூடவே வரும். எழுத்தில் அந்த மூன்று சொற்கள் மட்டும்தான் போய்ச் சேரும். அதோடு, நீங்கள் ஒரு தொகையும் சொல்லாமல் விற்பவரையே விலையைக் குறைக்கச் சொல்வதாகவும் ஆகிவிடுகிறது. பலர் பதிலே போடமாட்டார்கள்.

பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம், மேசை இன்னும் இருக்கிறதா? 85க்குக் கொடுக்க முடியுமா? சரியென்றால் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வந்து, பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்." ஒரு தொகை, ஒரு நாள், ஒரு நேரம். 100 கேட்பவரிடம் 85 என்பது நியாயமான பேச்சு. 40 என்றால் பேச்சு அங்கேயே முறியும். விற்பவருக்குப் பெரும்பாலும் பத்து அதிகமாகக் கிடைப்பதைவிட, சொன்ன நேரத்துக்கு ஆள் வருவதுதான் முக்கியம். வீடு காலி செய்கிறவருக்கு இது இன்னும் பொருந்தும்.

குறைக்கக் காரணம் சொல்வதானால் பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்: ஒரு கால் ஆடுகிறது, வண்டி வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும் என்பது போல. "நான் மாணவன், கையில் பணமில்லை" என்பது எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தும். விளம்பரத்தில் ஓ.பி.ஓ. (OBO, 'அல்லது கிடைக்கும் நல்ல விலைக்கு') என்றோ, ஜெர்மனியில் வி.பி. (VB, 'விலை பேசலாம்') என்றோ இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். ஃபர்ம் (firm, 'விலை மாறாது') என்று இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: பேசி முடித்த விலையை வாசலில் நின்று மறுபடி குறைக்காதீர்கள். விற்பவர் உங்களை நம்பி மற்றவர்களுக்கு இல்லையென்று சொல்லியிருப்பார். விளம்பரத்தில் சொல்லாத பழுது கண்ணில் பட்டால் அது வேறு விஷயம். அதைக் காட்டி, "இது எனக்குத் தெரியாது, கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். அவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். வர முடியாமல் போனாலும் உடனே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அப்புறம், விற்கும்போது. நீங்கள் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம், உண்மையான விலை அங்கேதான் தெரியும். கீறலைப் படம் எடுத்துப் போட்டால் பாதிப் பேரம் குறைந்துவிடும். அடிமட்ட விலைக்குக் கேட்பவரிடம் கோபப்படாமல், "நன்றி, 90 வரை இறங்கலாம்" என்று சொன்னால் போதும். பலர் அங்கிருந்து ஏறி வருவார்கள். ஒருவருக்கு வாக்குக் கொடுத்தபின் இன்னொருவர் அதிகம் தருகிறேன் என்றால், முதல் ஆள் வராவிட்டால் சொல்கிறேன் என்று அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

மரியாதைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பொருளைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாக அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்பவரும், உங்கள் போனுக்கு வந்த சரிபார்ப்புக் குறியீட்டு எண்ணைக் கேட்பவரும் ஏமாற்றுக்காரர்கள். பழைய ஐபோன் என்றால், முந்தையவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். குழந்தைகளுக்கான கார் இருக்கையை மட்டும், அது விபத்தில் சிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.