அப்பாவின் கடதாசி ஆலைக் கொப்பிகள்: எதை வைப்பது, எதை விடுவது?

பேத்தாழை:
அப்பா வாழைச்சேனை கடதாசி ஆலையில் வைக்கோல் நிறுக்கும் பகுதியில் வேலை செய்தவர். அவர் மோசம் போன பிறகு அலுமாரியைத் திறந்தால் சம்பளத் துண்டுகள், தொழிற்சங்கப் பிரசுரங்கள், பிறகு எந்த ஊரிலிருந்து எத்தனை லொறி வந்தது, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று நாளாந்தம் தன் கைப்பட எழுதிய கொப்பிகள். கீழ்த்தட்டில் கறையான் பிடித்துவிட்டது, மாரியும் வருகிறது. படங்களையும் சேவைச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு மற்றதை எரிக்கச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
தங்கச்சி, எரிக்க விடாதீர்கள், அதுவும் அந்தக் கொப்பிகளை! படமும் சான்றிதழும் பல வீடுகளில் இருக்கும், வைக்கோல் கணக்கு எங்கே இருக்கும்? 1956இல் தொடங்கிய அந்த ஆலை நம் வயல் வைக்கோலில்தான் கூழ் எடுத்தது. அதனால் அந்தக் கொப்பியில் இருப்பது ஆலையின் கதை மட்டும் இல்லை, சூடடித்த பிறகு எந்த ஊர் வைக்கோல் விற்றது, எந்த வருஷத்தோடு அந்த ஊர் லொறி வராமல் போனது எல்லாமே இருக்கும். 1977க்குப் பிறகு வந்த இறக்குமதிக் கடதாசிதான் ஆலையைக் கவிழ்த்தது என்பார் ஒருவர், இல்லை யுத்தம்தான் என்பார் இன்னொருவர். வருஷ வாரியாக நிறையைக் கூட்டிப் பார்த்தால் சரிவு எப்போது தொடங்கியது என்றாவது தெரியும். அறிக்கைகளில் மொத்த உற்பத்திதான் வரும், ஊர்க்கணக்கு வராது.

சம்மாந்துறையான்:
சகோதரி, முதலில் கட்டுகளைக் கலைக்காமல் இருந்தபடியே போனில் படம் எடுங்கள். எந்தக் கொப்பிக்குள் எந்தத் துண்டு செருகியிருந்தது என்பதும் ஒரு தகவல்தான். கறையான் தொட்டதைத் தனியே எடுத்து வையுங்கள், ஈரமானதை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரியுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றுங்கள். செலோடேப், லெமினேட் இரண்டும் வேண்டவே வேண்டாம். பொலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், காட்போட் பெட்டியில் போட்டு நிலத்தில் படாமல் வையுங்கள்.

கல்லோயாக் கரை:
ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை 1997இல் மூடப்பட்டு, பிறகு அரசும் தனியாரும் சேர்ந்து திரும்ப நடத்தினார்கள். இடையில் கரும்புச் செய்கைக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அறிய வேண்டுமானால் அவர்கள் வீட்டுத் துண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். அரச ஆவணங்களுக்கு 1973ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது, வீட்டு அலுமாரிக்கு எந்தச் சட்டமும் காவல் இல்லை. நூலகம் நிறுவனத்தாரிடம் பேசிப் பாருங்கள், 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள். மற்றவர்களின் பெயரோ சேமலாப நிதி இலக்கமோ இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள். அப்பாவோடு வேலை செய்தவர்கள் இருந்தால் கொப்பியை இப்போதே காட்டிக் கேளுங்கள்.

பேத்தாழை:
எல்லோருக்கும் நன்றி. வீட்டிலும் சொல்லி எரிப்பதை நிறுத்திவிட்டேன். சில வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘தி’ என்று இருக்கிறது, திருப்பி அனுப்பிய லொறியாக இருக்குமோ? அப்பாவின் கூட்டாளி ஒருவர் கல்குடாவில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன். மட்டக்களப்புப் பக்கம் பெரிய ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் யாராவது? கொப்பி ஃபுல்ஸ்காப்பை விடப் பெரியது.