மறு: த்ராட்லிங்குக்குச் சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

இணையத் தணிக்கையை அளக்கும் செயலியின் தமிழாக்கம் வியாழன் போகிறது. பிளாக் = தடை, ஷட்டவுன் = முடக்கம் என வைத்தாயிற்று. த்ராட்லிங் (குறிப்பிட்ட தளத்தை வேண்டுமென்றே மெதுவாக்குவது) மட்டும் பாக்கி. "வேகத்தடை" போடலாமா?
– செ.

> வேகத்தடை

அது தெருவில் கிடப்பது ஐயா, எல்லா வண்டிக்கும் பொது. இது ஆள்பார்த்துப் பிடிப்பது. 2021 மார்ச் 10 அன்று ரஷ்யாவில் ட்விட்டரை மெதுவாக்கினார்கள். டிஎல்எஸ் எனும் மறையாக்க இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் (எஸ்என்ஐ) பெரும்பாலும் மறைக்கப்படாமல் போகும். நடுவிலிருந்து, போகும் தரவின் உள்ளே பார்க்கும் டிபிஐ பெட்டி அதைப் படித்து, அந்த இணைப்பில் மட்டும் நொடிக்குச் சுமார் 130 கிலோபிட்டுக்கு மேல் வரும் தரவுப் பொட்டலங்களைக் கீழே போட்டது. 2 எம்பி படம் வர 2 நிமிடம். கூத்து என்னவென்றால், ட்விட்டரின் குறுஞ்சுட்டிப் பெயரான டி, புள்ளி, சி, ஓ எங்கே வந்தாலும் பிடி என்று விதி. மைக்ரோசாஃப்ட் டாட் காம், ரெடிட் டாட் காம் இரண்டின் நடுவிலும் அதே நான்கு குறி. அவையும் மாட்டின.

"மட்டுறுத்தல்" மாடரேஷனுக்குப் போய்விட்டது. என் வாக்கு "நெரிப்பு". ஆங்கிலச் சொல்லும் தொண்டையிலிருந்து வந்ததுதான்.
– ந.

வேகம் வடசொல். தொல்காப்பிய உரியியலில் கதழ்வு, துனைவு இரண்டும் விரைவுதான். "கதழ்வுக்குறைப்பு" என்க.
– புலவர்

புலவரையா, கதழ்வுக்கு உரை எழுதவேண்டும். துனைவைத் துணைவு என்றே படிப்பார்கள். நெரிப்பிலும் சிக்கல்: நெட்வொர்க் நெரிசல் ஏற்கெனவே இருக்கிறதே?
– செ.

இருக்கட்டும். முறிவு–முறிப்பு மாதிரி, நெரிசல் தானாக நேர்வது, நெரிப்பு ஒருவர் செய்வது. தணிக்கையாளருக்கு லாபமே இந்தக் குழப்பத்தில்தான். தடுத்தால் தடை என்று தெரிந்துவிடும். மெதுவாக்கினால் பயனர் டவரைத்தான் திட்டுவார். பிரித்தறிய, அதே சர்வரிலிருந்து அதே கோப்பை எஸ்என்ஐயில் வேறு பெயர் இட்டு இறக்குங்கள். வேகம் பாய்ந்தால் நெரிப்பு. ஒருமுறை பார்த்து முடிவுகட்டாதீர்கள். இரவு 9 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.
– ந.

ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் கோரிக்கை வைக்கும் வழி) ஆவணத்திலும் த்ராட்லிங் வரும். நிமிடத்துக்கு 60 கோரிக்கை தாண்டியவன் கழுத்தையும் நெரிப்பீர்களா?
– இரா.

அதற்கு "வீத வரம்பு" போதும்.
– ந.

நெரிப்புக்கு நால்வர், வேகக்குறைப்புக்கு இருவர். "வேக நெரிப்பு" என்று ஏற்றிவிட்டேன்.
– செ.

வேகம் இன்னும் வடசொல்தான்.
– புலவர்